வியாழக்கிழமை தெற்கே ஆகாது

கல்யாணம் பேசி முடித்து, தாலி இன்னும் கட்டாமல் இருக்கிற அந்த இரண்டு மூன்று மாதங்களில் ஓர் ஆண்பிள்ளைக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. பெண் வீட்டார் எதைக் கேட்டாலும் ‘ஓ, தெரியுமே’ என்பான். நீச்சல் தெரியுமா? தெரியும். மாட்டுக்குப் பல் பிடித்து வயது சொல்லத் தெரியுமா? தெரியும். தாலி கட்டிய மறுநாள் அதே ஆளுக்குக் குடிதண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்பதுகூட மறந்துபோகும், அது வேறு விஷயம். கல்யாணத்துக்கு முந்திய அந்த அபார ஞானம் எனக்கும் வந்திருந்தது. அதுவும் சாதாரணமாக வரவில்லை, பட்டணத்தைப் பற்றி வந்திருந்தது.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. நான் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. மூட்டைக்குச் சீட்டு ஒட்டுவதும், அழுகிய மாம்பழக் கூடைக்குப் பதில் சொல்வதும் என் உத்தியோகம். ஒலக்கூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தனகோட்டி என்ற பெண்ணை எனக்குப் பேசினார்கள். அவளை ஒரே ஒரு தடவை பார்த்தேன். வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தவள், நிமிர்ந்து என்னைப் பார்த்ததும், வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று மனசு அடம் பிடித்தது. (நான் தலைக்குத் தடவியிருந்த எண்ணெய் அன்று காதுவரை வழிந்திருந்ததாம். பிற்பாடு தெரிந்தது.)

ஆனால் போட்டி இருந்தது. திண்டிவனத்தில் மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர்) மண்டி வைத்திருந்தவரின் மகனும் அதே பெண்ணைக் கேட்டிருந்தான். அவனுக்கு மண்டி, கழனி, காதில் கல் வைத்த கடுக்கன். எனக்கு ரயில்வே கொடுத்த ஒரு கறுப்புக் கோட்டு, அதுவும் முழங்கையில் பிய்ந்தது. இருந்தும் பெண்ணின் தகப்பனார் என் பக்கம் சாய்ந்ததற்கு ஒரே காரணம், தரகர் போட்ட போடு. “பையனுக்குப் பட்டணம் தண்ணி பட்ட பாடு” என்று சொல்லி வைத்திருந்தார். பெண்ணின் தகப்பனாருக்கு (இனி அவர் மாமா) பட்டணம் பார்க்க வேண்டும் என்பது பல வருஷத்து ஆசை. கைப்பிடித்துக் கூட்டிப்போகத் தெரிந்த ஒரு மாப்பிள்ளை கிடைத்தால் ஆசையும் தீரும், பெண்ணும் கரையேறும் என்று கணக்குப் போட்டார். மெய்தானா என்று என்னைக் கேட்டபோது, கண்ணைக் கட்டி விட்டாலும் மயிலாப்பூரிலிருந்து கொத்தவால் சாவடிக்குப் போவேன் என்றேன்.

உண்மை என்னவென்றால், எனக்கு மொட்டை போட்ட வயசில் என் சித்தப்பா தோளில் ஒரு தடவை பட்டணம் போயிருக்கிறேன். போகும்போதும் தூக்கம், வரும்போதும் தூக்கம். மற்றபடி என் பட்டணத்து அறிவெல்லாம் பார்சல் எடுக்க வந்தவர்கள் அளந்ததைக் கேட்டுச் சேர்த்தது.

கூறைப்புடவை எடுப்பது எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டுச் செலவு. ஆனால் பெண் வீட்டார் கூட வந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அதைப் பட்டணத்திலேயே எடுத்துவிடலாம், அப்படியே ஒரு தோட்டம், ஒரு கோயில், ஒரு கடைவீதி என்று சுற்றிக் காட்டிவிடு என்று மாமா சொல்லியனுப்பினார். கூறை வீட்டுக்கு வந்த பிறகுதான் பரிசம் போட்டு நிச்சயம். அதுவரை மண்டிக்காரருக்கு அவர் முடிவாக இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு வேர்த்தது. ஆனாலும் வருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவனுக்கு வேர்வை ஒரு பொருட்டா?

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொந்த ஏரும் மாடும் வைத்துப் பயிர் செய்தவர். பேச்சு குறைவு. யாரிடமும் ஏமாறாதவர் என்று பெயர். ஆனால் சூலம் என்றால் மட்டும் சின்னப் பிள்ளையாகிவிடுவார். வாரத்தில் இந்த நாள் இந்தத் திசையில் பயணம் போனால் விளங்காது என்ற கணக்குத்தான் சூலம். செவ்வாய், புதனில் வடக்கே போகக் கூடாது. வியாழக்கிழமை தெற்கே ஆகாது. வெள்ளியும் ஞாயிறும் மேற்கு ஆகாது. மாமா ஒரு தடவை வெள்ளிக்கிழமை மேற்கே செஞ்சிப் பக்கம் போய் வாங்கி வந்த மாடு, தொழுவத்துக்கு வந்த மறுநாளே படுத்துவிட்டது. மாடு பார்த்த கண்ணில் கோளாறு இருக்க முடியுமா? சூலத்தில்தான் கோளாறு.

ஆகவே பட்டணப் பயணத்தை அவர் ஒரு படையெடுப்பு மாதிரித் திட்டம் போட்டார். செவ்வாய், புதனில் வடக்கே கிளம்ப முடியாது. வியாழன்தான் தோது. ஆனால் ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் வந்து ரயில் ஏறுவது என்றால் அது தெற்கே பயணம், வியாழக்கிழமை ஆகாது. எனவே புதன்கிழமையே திண்டிவனம் வந்து, தெரிந்தவர் வீட்டில் படுத்து, வியாழன் காலை ரயில் ஏறுவது. அன்று முழுவதும் வடக்கு, கிழக்கு, மேற்கு எங்கே வேண்டுமானாலும் போகலாம். தெற்கே மட்டும் கிடையாது. இரவு சத்திரத்தில் தங்கி வெள்ளிக்கிழமை திரும்புவது. வியாழக்கிழமை தெற்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் தலையில் கொஞ்சம் எண்ணெய் வைத்துக்கொண்டு போகலாம் என்று ஒரு பரிகாரம் உண்டே என்று கேட்டேன். அது சாவு வீட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான், கூறை எடுக்கப் போகிறவனுக்கு ஏது பரிகாரம் என்று மடக்கிவிட்டார்.

நான் விழுப்புரத்தில் ஏறினேன். திண்டிவனத்தில் மாமா ஏறினார். கூடவே அவருடைய தமக்கை அஞ்சலை அத்தை. தனகோட்டியை வளர்த்தவள் அவள்தான். ஒரு கையில் புளிச்சோற்று மூட்டை, இன்னொரு கையில் வேகவைத்த மல்லாட்டை மூட்டை. மல்லாட்டை எதற்கு என்றால், நான் காட்டப்போகும் உயிர் காலேஜில் குரங்குக்குப் போடுவதற்காம். மிருகங்களை உயிரோடு கூண்டில் வைத்துக் காட்டும் தோட்டத்துக்குப் பட்டணத்தில் உயிர் காலேஜ் என்று பெயர். புலி, கரடி, மயில் எல்லாம் இருக்கும், நானே கண்ணால் பார்த்தேன் என்று நான் முன்பே அளந்திருந்தேன்.

எழும்பூரில் இறங்கியதும் மாமா பிளாட்பாரத்தில் அசையாமல் நின்றார். ஐப்பசி மாதம். வானம் மூடிக் கிடந்தது. சூரியன் என்று ஒன்று இருப்பதற்கே அத்தாட்சி இல்லை. ஊரில் நட்டநடுக் கழனியில் நிறுத்தினாலும் திசை சொல்லக்கூடிய மனிதர், இங்கே நாலு பக்கமும் சுவரைப் பார்த்துத் திகைத்தார்.

“மாப்ளே, வடக்கு எதுங்க?” என்றார்.

என் மூளை அன்றைக்கென்று மின்னலாய் வேலை செய்தது. திண்டிவனத்திலிருந்து பட்டணம் வடக்கே. ரயில் வடக்கே வந்திருக்கிறது. ஆகவே இன்ஜினின் மூஞ்சி எந்தப் பக்கமோ அதுதான் வடக்கு. காட்டினேன். அப்படியானால் வலது கைப் பக்கம் இருந்த ஸ்டேஷன் வாசல் கிழக்கு.

“வாசலக் கெழக்கு பாத்து வெச்சிருக்கான் பாரு,” என்று மாமா அத்தையிடம் மெச்சிக்கொண்டார். “வெள்ளக்காரனுக்கும் மனையடி சாஸ்திரம் தெரிஞ்சிக்கினுதான் இருக்குது.”

எழும்பூருக்குச் சற்று முன்னால் ரயில் பாதை வளைந்து கிழக்கே திரும்பிவிடுகிறது என்பதும், அதனால் அந்த வாசல் பார்ப்பது சுத்தமான தெற்கு என்பதும் ரயில்வே உத்தியோகஸ்தனான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்தான். பாதை திரும்பிய அந்த நேரத்தில் நான் அத்தையின் மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். ஆக, மாமா வலது காலை எடுத்து வைத்து, மனநிறைவோடு, வியாழக்கிழமை தெற்கே கிளம்பினார்.

கொஞ்ச தூரம் நடந்ததும் ஒரு பெரிய தோட்டமும் அதற்குள் சிவப்புக் கட்டடமும் வந்தது. ஜனங்கள் கும்பலாக உள்ளே போனார்கள். மரம், செடி, கும்பல் எல்லாம் சரியாக இருந்ததால் இதுதான் உயிர் காலேஜ் என்று அறிவித்துவிட்டு நானும் உள்ளே நுழைந்தேன். பட்டணத்தில் செத்த காலேஜ் என்று இன்னொன்று இருக்கிறது, செத்த மிருகங்களைப் பாடம் பண்ணி வைத்திருக்கும் மியூசியம் அது என்பது நான் கேள்விப்பட்டதில் விட்டுப்போன ஒரு சிறு விவரம்.

அத்தை முதலில் கண்ட குரங்குக்கு நேராக மல்லாட்டையை நீட்டினாள். அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து அவளை வெறித்துப் பார்த்தது. கையை ஆட்டிப் பார்த்தாள், கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். குரங்குக்குப் பசி இல்லை, இப்போதுதான் தின்றிருக்கும் என்றேன். புலியும் அசையவில்லை. இங்கே மிருகங்களைச் சத்தம் போடாமல் இருக்கப் பழக்கி வைத்திருக்கிறார்கள் என்றேன். அங்கே நின்ற காவல்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த கூடத்தில் கூரையிலிருந்து ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை அண்ணாந்து அதை வாலிலிருந்து தலைவரை நிதானமாகப் பார்த்தாள்.

“இதுக்கு யாருமே தீனி போடல போல இருக்குதே தம்பி.”

வருகிறவர்கள் பயப்படக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் செத்த பிறகுதான் காட்டுகிறார்கள் என்று ஒரு விளக்கம் சொன்னேன். மாமா தலையை ஆட்டினார். செத்தாலும் புலி புலிதான் என்று அவருக்கு ஒரு திருப்தி. அத்தை மட்டும் மீதி மல்லாட்டையை என்னிடமே கொடுத்தாள். உயிரோடு இருக்கிற குரங்கு அங்கே நான் ஒருவன்தான் என்று அவள் நினைத்தாளோ என்னவோ.

அடுத்தது கோயில். வெளியே ஒரு ஜட்கா பிடித்தேன். எந்தக் கோயில் என்று வண்டிக்காரர் கேட்டார். கோயில் உண்டு என்று எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே பட்டணத்துப் பேர் மயிலாப்பூர். வாரத்துக்கு ஒரு வாழையிலைக் கட்டாவது அந்த விலாசத்துக்கு நான் சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறேன். அந்த இலைக்கட்டுகள் எந்தத் திசையில் போயின என்று நான் விசாரித்ததில்லை. வண்டி கிளம்பியதும் மாமா பின்னாலிருந்து, கிழக்கேதானே போகிறோம் என்றார். வண்டிக்காரர் வாயைத் திறந்தார். நான் அவசரமாக, குதிரைக்கு என்ன வயசு என்றேன். குதிரையைப் பற்றிக் கேட்டுவிட்டால் ஜட்காக்காரரை நிறுத்த யாராலும் ஆகாது. அதன் தாய், பாட்டி, அது தின்கிற கொள்ளு என்று கோயில் வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மயிலாப்பூர் கோயிலில் மாமா கண்மூடிக் கும்பிட்டார். கண்ணைத் திறந்ததும் அவருக்குள் இருந்த விவசாயி விழித்துக்கொண்டார். சாமி கிழக்கு பார்த்துத்தானே இருக்கும்? சாமிக்கு நேராக நின்று, இடது கையையும் வலது கையையும் மாறி மாறி நீட்டி, வண்டி வந்த வழியை நினைத்து, உதட்டுக்குள் முணுமுணுத்துக் கணக்குப் போட்டார். அந்தக் கோயிலில் சாமி மேற்கு பார்த்து இருக்கிறார் என்று அவருக்கு யார் சொல்வது? நான் சொல்லலாம், எனக்குத் தெரிந்திருந்தால்.

முடிவில், மாப்பிள்ளை கிழக்கே என்று சொன்னது தப்பு, நாம் வடக்கே வந்திருக்கிறோம் என்று கண்டுபிடித்தார். பாதை வளைந்து வளைந்து வந்ததால் எனக்கும் அப்படித்தான் படுகிறது என்றேன். நான் சொன்னது கிழக்கு, அவர் கண்டுபிடித்தது வடக்கு, மூன்று பேரும் வந்திருந்தது தெற்கு. ஆனாலும் வடக்கு என்றால் சூலம் இல்லை. ஆகவே கோபமும் இல்லை.

கோபம் இல்லை, ஆனால் வேறொரு சிக்கல் வந்தது. வந்தது வடக்கு என்றால் திரும்பிப் போவது தெற்கு. கூறை எடுத்து முடிக்கிற வரைக்கும் தெற்கே ஓர் அடி வைக்க மாட்டேன், கூறையை இங்கேயே எடு என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. பட்டணத்தின் பெரிய ஜவுளிக் கடைத் தெருக்கள் எந்த மூலையில் இருக்கின்றன என்பதே எனக்குத் தெரியாது. சூலம் என்னைக் காப்பாற்றிவிட்டது என்று சாமிக்கு இன்னொரு கும்பிடு போட்டேன்.

கோயிலைச் சுற்றிய வீதிகள் முழுக்கக் கடைகள். கீரைக்கட்டு, பறங்கிக்காய், வாழையிலை, சாணைக்கல், பாசிமணி, பல்வலிக்குப் பச்சிலை என்று தரையெல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். அத்தை அங்கேதான் உயிர் பெற்றாள். இந்தக் கத்திரிக்காயைத் திண்டிவனம் சந்தையில் வைத்தால் மாடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்று ஒரு கடைக்காரியிடம் சொல்ல, அவள் பதிலுக்கு ஒன்று சொல்ல, இரண்டு பேரும் ஐந்து நிமிஷத்தில் சிநேகமாகிவிட்டார்கள். நான் அதை ரசித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினேன். எதிர்ச் சுவரில் ஒரு பலகை. ‘தெற்கு மாட வீதி’ என்று எழுதியிருந்தது.

என் கணக்குப்படி அது கிழக்கு. மாமா கணக்குப்படி வடக்கு. பலகை எழுதினவருக்குக் கல்யாணமாகியிருக்க வேண்டும், உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். அந்த ஒரு பலகையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்டேஷன் வாசலும், வண்டி வந்த வழியும், சாமியின் முகமும் மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. வியாழக்கிழமை காலை முதல் நான் அந்த மனிதரைத் தெற்கு தெற்காக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

மாமா எழுத்துப் படித்தவர் இல்லை. நான் பலகையையே பார்ப்பதைக் கண்டு, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார்.

“இங்க நோட்டீஸ் ஒட்டக் கூடாதுன்னு போட்டிருக்குது மாமா.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தனகோட்டி உதட்டைக் கடித்த முகம் குறுக்கே வந்தது. எனக்கு இனி வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: ராத்திரி வரை சூரியன் வெளியே தலைகாட்டக் கூடாது. ஊரெல்லாம் வெயிலுக்கு வேண்டிக்கொள்ளும் அடைமழைக் காலத்தில், மேகம் கலையக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே பக்தன் நானாகத்தான் இருப்பேன்.

ஜவுளிக் கடையில் அத்தை சாவகாசமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இருந்த புடவையையெல்லாம் பிரிக்கச் சொன்னாள். ஒன்றின் கரை அகலம், ஒன்றின் கரை ஒல்லி, ஒன்று கையில் வழுக்குகிறது, ஒன்று வழுக்கவில்லை. நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மாப்பிள்ளை ஏன் இப்படிப் பறக்கிறார் என்று கடைக்காரர் கேட்டார். மழை வந்தால் புடவை நனையுமே என்றேன். பொறுப்பான பிள்ளை என்று மாமா கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னார். அரக்கு நிறத்தில் ஒரு கூறை முடிவாயிற்று. உண்மையிலேயே நல்ல புடவை. அதைக் கட்டிக்கொண்டு தனகோட்டி எப்படி இருப்பாள் என்று நினைத்தபோது மட்டும் ஒரு கணம் எனக்குப் பயம் மறந்தது.

பிறகு கோயிலுக்கு எதிரே இருந்த குளத்தின் படியில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். சாமிக்கு நேர் முன்னால் குளம். ஆகவே மாமா கணக்கில் குளம் இருப்பது கிழக்கு. நான் இரண்டாவது உருண்டையை வாயில் போட்டேன். அப்போது, நாள் முழுக்க மூடிக் கிடந்த மேகம், குளத்துக்கு அந்தப் பக்கம், அடியில் ஒரு முழ அகலத்துக்குக் கிழிந்தது. கிழிசலில் சூரியன் சிவக்கச் சிவக்க வந்து நின்றது. பிறகு எங்கள் மூன்று பேர் கண்ணெதிரே, மாமாவின் கிழக்கில், மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தது.

மாமா கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது.

“மாப்ளே, பொழுது எந்தப் பக்கம் உழுவுது?”

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் காலில் விழுவான். புத்தியில்லாதவன் ஓடிப்போவான். நான் மூன்றாவது வகை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் புளிச்சோற்றில் சூரியனையே மறைக்கப் பார்த்தேன்.

“பட்டணத்துல இப்படித்தான் மாமா,” என்றேன்.

பக்கத்துப் படியில் பூக் கட்டிக்கொண்டிருந்த பெண் நாரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். கேட்டவர்களுக்கு அவள் எடுத்துச் சொல்ல, குளக்கரையே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்தார்.

“உண்மையச் சொல்லு. இந்த ஊருக்கு நீ எத்தினி வாட்டி வந்துகிற?”

காலையிலிருந்து என்னோடு வந்துகொண்டிருந்த ‘ங்க’ போய்விட்டது. அதைக் கேட்டதும் எனக்கு மிச்சமிருந்த தைரியமும் போயிற்று. சித்தப்பா தோளில் தூங்கியது, இன்ஜின் மூஞ்சி, பலகை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மாமா புடவைப் பொட்டலத்தை எடுத்துப் படியில் தள்ளி வைத்தார்.

“சூலத்துல எடுத்த கூறை இது. இதக் கட்டிக்கினு எம்பொண்ணு மணையில குந்தமாட்டா. மண்டிக்காரருக்கு நாளைக்கே ஆள் அனுப்பிடறேன்.”

அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஒரு முழு நாளைச் செலவழித்து, குதிரையின் பாட்டி வரைக்கும் விசாரித்து, என் கல்யாணத்தை நானே கெடுத்துக்கொண்டேன் என்று புரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்சல் ஆபீஸ் கோட்டின் கிழிந்த முழங்கையால் துடைத்துக்கொண்டேன்.

அத்தை அதுவரை நிதானமாகச் சோற்றைத் தின்று முடித்து, இலையை மடித்தாள். கேப்பையில் நெய் வடியுது என்று ஒருவன் சொன்னால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று முதலில் தன் தம்பியைத்தான் பிடித்தாள். பிறகு வழக்கை எடுத்தாள். மாப்பிள்ளை கிழக்கே என்று கிளம்பினான். நீ வடக்கே என்று கும்பிட்டாய். தெற்கே போகிறேன் என்று இங்கே எவனும் கிளம்பவில்லை. நினைத்துக் கிளம்பாத பயணத்துக்குச் சூலம் ஏது?

“நமக்குத் தெரியாது, சரி. சூலத்துக்குத் தெரியாதா?” என்றார் மாமா.

“தெரியும். இந்தப் புள்ளையோட திசை எதுன்னு அதுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்? அதுவும் பேஜாராகி வூட்டுக்குப் போயிருக்கும்.”

மாமாவுக்கு அது போதவில்லை. எழுந்து கோயிலுக்குள் போனார். நாங்கள் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினோம். குருக்களிடம் சாமி எந்தத் திசை என்று கேட்டார். மேற்கு என்றார் குருக்கள். அம்மன்? தெற்கு, என்றார் குருக்கள். மாமா அம்மன் சன்னதியில் வெகுநேரம் நின்றார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் ஆயுளில் அவ்வளவு உருக்கமாக ஒரு முதுகைப் பார்த்ததில்லை.

“சாமி மேக்க பாக்குது, ஆத்தா தெக்க பாக்குது,” என்று கடைசியில் தமக்கையிடம் சொன்னார். “இந்தப் புள்ளைய மட்டும் சொல்லி இன்னா ஆவப்போவுது.”

கூறையைக் கொடுத்து அம்மன் காலடியில் வைக்கச் சொன்னார். தெற்கே பார்த்துக்கொண்டு நிற்கிறவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டால் அதற்கு மேல் தெற்கில் என்ன சூலம் என்பது அவருடைய தீர்ப்பு. குங்குமம் வைத்துப் புடவை திரும்பி வந்தது. அதை இரண்டு கையாலும் வாங்கி அத்தையிடம் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“மாப்ளே, ஸ்டேஷனுக்குப் போற வரைக்கும் நீங்க வாயத் தொறக்காதீங்க.”

‘ங்க’ திரும்பி வந்துவிட்டது. ஒன்றுக்கு இரண்டாக வந்துவிட்டது. கல்யாணம் உண்டு என்று அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. வாயைத் திறக்காமல் அவர் பின்னால் நடந்தேன். ஒவ்வொரு முனையிலும் நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டு, சுத்தமாக வடக்கே, சூலமில்லாத திசையில், அவரே எங்களை ஸ்டேஷன் பக்கத்துச் சத்திரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கார்த்திகையில் கல்யாணம். மணையில் கிழக்கு பார்த்து உட்காரச் சொல்ல வேண்டிய இடத்தில், மாமா இரண்டு பேரை அனுப்பி என் தோளைப் பிடித்துத் திருப்பி உட்கார வைத்தார். பந்தலில் எல்லோருக்கும் கதை தெரிந்திருந்தது. நாயனக்காரர்கூட வாசிப்பை நிறுத்திச் சிரித்தார். அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் எவர் என்ன தப்புச் செய்தாலும் அதற்கு ஒரே பதில்தான். குழம்பில் உப்புக் கரித்தால் ‘பட்டணத்துல இப்படித்தான்’. மகன் கணக்கில் பெயிலானால் ‘பட்டணத்துல இப்படித்தாம்பா’. எனக்குக் கோபப்பட வாயில்லை.

கல்யாணமாகி வெகுநாள் கழித்துத் தனகோட்டியைக் கேட்டேன். அவ்வளவு நடந்த பிறகும், மண்டிக்காரனை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொள்ள எப்படிச் சம்மதித்தாய்? பட்டணத்திலிருந்து திரும்பிய அன்று அத்தை தன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதைச் சொன்னாள். பொய் சொல்லாத ஆம்பளை எந்த ஊரிலும் இல்லை, பெண்ணே. மண்டிக்காரன் சொல்கிற பொய் உனக்குத் தெரியப் பத்து வருஷம் ஆகும். இவன் சொல்கிற பொய் பொழுது விழுவதற்குள் தெரிந்துவிடும். இவனையே கட்டிக்கொள்.

இன்றைக்கும் நான் எதையாவது மறைத்து, ரொம்பவும் விவரமாகப் பேச ஆரம்பித்தால் தனகோட்டி குறுக்கே பேச மாட்டாள். எழுந்து வாசல் வரை போய் வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து உட்காருவாள்.

“பொழுது உழுவ இன்னும் நேரமிருக்குது. நீங்க சொல்லிக்கினு இருங்க.”